பழைய பவர் டில்லரைச் சரி பண்ணுவது: சில குறிப்புகள்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 'கார்டன் டிராக்டர்' என்று ஒரு வகை வண்டி உண்டு. வீட்டைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் இருப்பவர்கள் புல் வெட்டவும் பனி தள்ளவும் வைத்திருப்பது. ஐம்பது வருஷம் பழையதைத் தேடிப் பிடித்து, கழட்டி மாட்டி, பெயின்ட் அடித்து ஓட்டுவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. நம்ம ஊரில் அந்த வண்டிக்கு ஒண்ணுவிட்ட தம்பி யார் என்று கேட்டால் பவர் டில்லர்தான். அன்னூர், பொள்ளாச்சி, கோபி பக்கம் சாளைக்குப் பின்னால், தென்னை ஓலை மூடி, கோழி முட்டை வைத்துக்கொண்டு நிற்கிறதே, அதேதான்.

எங்கள் தோட்டத்தில் அப்படி நின்ற ஒன்றைப் போன வருஷம் ஓட வைத்தேன். கம்பெனிப் பேரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகை வண்டிகளுக்கு உடம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒன்றுக்குச் சொல்வது இன்னொன்றுக்கும் பொருந்தும். வேலை முடிந்தபோது எனக்குத் தோன்றியது இது: பவர் டில்லர் ஒளிவுமறைவு இல்லாத வண்டி. எல்லா உறுப்பும் வெளியே தெரியும், நாலு ஸ்பேனரில் கழட்டலாம். அதனால்தான் நாற்பது வருஷம் கழித்தும் காப்பாற்ற முடிகிறது. ஆளைக் காயப்படுத்துவதும் அதே குணம்தான். பழுது பார்க்கிறவர்கள் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். மண்ணைச் சுழலும் கத்தியால் கொத்துவது என்ற யோசனையை ஓடவிட்டவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்ற ஊரில் இருந்த ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட். 1912-ல் அப்பாவின் பண்ணையில் இருந்த நீராவி எஞ்சினில் இருந்து விசையை எடுத்துக் கத்திகளைச் சுழற்றிப் பார்த்தார். நேரான கத்தி மண்ணைப் பக்கவாட்டில் வீசிவிட்டது. நுனியை 'எல்' எழுத்து மாதிரி மடக்கிய பிறகுதான் காரியம் நடந்தது. 1920-ல் காப்புரிமை, 1922-ல் கம்பெனி. நாம் ரோட்டவேட்டர் என்று சொல்கிறோமே, அது அவர் கம்பெனியின் வியாபாரப் பெயர். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், விகடகவி மாதிரி திருப்பி வாசித்தாலும் அதேதான் வரும்.

அந்தக் கத்தியை இரண்டு சக்கர வண்டியோடு சேர்த்து, சின்னச் சின்ன சேற்று வயலுக்கென்று பெருவாரியாகச் செய்தவர்கள் ஜப்பான்காரர்கள். அங்கிருந்து நமக்கு வந்தது. பெங்களூரில் வி.எஸ்.டி. டில்லர்ஸ் 1967-ல் மிட்சுபிஷி கூட்டோடு ஆரம்பித்தது. கேரளாவில் ஆலுவா பக்கத்தில் அத்தாணியில் அரசு நிறுவனமான காம்கோ 1973-ல் வந்தது, அது குபோட்டாவின் தொழில்நுட்பம். பாலக்காட்டுக் கணவாய் திறந்துதானே கிடக்கிறது, அந்தப் பக்கத்து வண்டி இந்தப் பக்கம் வர எத்தனை நேரம் ஆகும்?

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: இது சேற்றுக்குப் பிறந்த வண்டி. கொங்கில் நெல் வயல் என்றால் பவானி, அமராவதி, காலிங்கராயன் வாய்க்கால் என்று தண்ணீர் பாயும் இடங்கள்தான். மற்றதெல்லாம் செம்மண், கரிசல், சுண்ணாம்புக்கல் கலந்த காடு. அங்கே இதை ஓட்டும்போது வண்டிக்குப் பழக்கமில்லாத வேலையைக் கொடுக்கிறோம். பழைய வண்டியில் நீங்கள் பார்க்கப்போகிற தேய்மானத்தில் பாதி இதனால் வந்தது.

சரி, வண்டிக்கு வருவோம்.

வாங்குகிறவர்களும், வீட்டில் நிற்பதைத் தூக்கி எடைக்குப் போடலாமா என்று யோசிக்கிறவர்களும் முதலில் எஞ்சினைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கியர்பெட்டியை. எனக்கு உதவிய மெக்கானிக் ஒரு பெரியவர். முதல் நாள் வந்தவர் எஞ்சின் பக்கமே திரும்பவில்லை. கியர்பெட்டிக்கு அடியில் படுத்து, துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "எஞ்சின் போனா காசு போகுங் கண்ணு, கியர்பொட்டி வெடிச்சிருந்தா வண்டியே போச்சு" என்றார். வார்ப்பு இரும்புப் பெட்டியில் விரிசல் இருந்தால் ஒட்ட முடியாது என்றில்லை, கோயமுத்தூரில் ஒட்டித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பேரிங் உட்காரும் இடத்தில் விரிசல் என்றால் ஒட்டினாலும் அச்சு நேராக நிற்காது. அப்படிப்பட்ட வண்டியைப் பாகங்களுக்காக மட்டும் வாங்குங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கியராகப் போட்டு, வண்டியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பாரம் ஏறும்போது கியர் தானாக வெளியே வந்தால் பல்லின் முனை உருண்டுவிட்டது என்று அர்த்தம். ஸ்டியரிங் கிளட்சுக்கும் அதே சோதனை. இரண்டு கைப்பிடிக்கும் அடியில் ஒவ்வொரு லீவர் இருக்கும். இடதை அமுக்கினால் இடது சக்கரத்துக்கு விசை போகாது, வண்டி இடது பக்கம் திரும்பும். விட்டதும் டக்கென்று பிடிக்க வேண்டும். பிடிக்காமல் கறகற என்று ஓடினால் உள்ளே கடிக்கும் பற்கள் தேய்ந்திருக்கின்றன. கேபிள் இறுகியிருந்தாலும் இப்படிக் காட்டும், அதனால் கேபிளை விட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கேபிள் சில நூறு ரூபாய், பல் சில ஆயிரம்.

இப்போது எஞ்சின். ஒற்றை சிலிண்டர், படுத்த நிலையில் இருக்கும் டீசல் எஞ்சின். 12, 13 குதிரைத்திறன். எத்தனை வருஷம் நின்றிருந்தாலும், ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுவதற்கு முன்னால் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் முரட்டுத்தனம் வேண்டாம். இன்ஜெக்டரைக் கழட்டி அந்த ஓட்டை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பிஸ்டன் ரிங்கு துருவில் ஒட்டியிருக்கும், ஊறினால் விடும்.

சுற்றினால் அடுத்த சோதனைக்குக் காசே வேண்டாம். லீவரை இறக்கிவிட்டு, ஹேண்டிலை மெதுவாகக் கம்ப்ரஷன் வரும் வரை கொண்டுபோய் அழுத்திப் பிடியுங்கள். நல்ல எஞ்சின் எதிர்த்துத் தள்ளும், கையை விட்டால் பின்னால் துள்ளும். துள்ளாமல் அமுங்கிப் போனால் காற்று எங்கேயோ ஓடுகிறது. காதை வையுங்கள். சைலன்சரில் புஸ் என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் கிளீனர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. எஞ்சின் ஆயில் இருக்கும் பகுதியின் மூச்சுக் குழாயில் கேட்டால் ரிங்கும் லைனரும். தண்ணீர்த் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். வால்வு என்றால் அரை நாள் கூலியில் அரைத்து உட்கார வைக்கலாம். லைனர் என்றால்தான் செலவு. ஒரு ஸ்பூன் ஆயிலை சிலிண்டருக்குள் ஊற்றிப் பார்க்கச் சொல்வார்கள், கம்ப்ரஷன் கூடினால் ரிங்கு போச்சு என்பது கணக்கு. நிற்கும் எஞ்சினுக்கு அது சரி. இது படுத்த எஞ்சின், ஆயில் கீழ்ப்பக்கம் மட்டும் தேங்கும், அந்தச் சோதனையை முழுசாக நம்ப முடியாது.

தட்டும் சத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஓடும்போது டொக் டொக் என்று கேட்டால் உடனே "கனெக்டிங் ராடு பேரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்பார்கள். அதற்கு முன்னால் ஃப்ளைவீல் நட்டைப் பாருங்கள். நட்டு தளர்ந்து, சாவி தேய்ந்து, ஃப்ளைவீல் ஒரு நூல் அளவு ஆடினாலும் அச்சு அசலாக அதே சத்தம் வரும். எங்கள் வண்டியில் அதுதான் இருந்தது. புதுச் சாவி செதுக்கி, நட்டை முறுக்கியதும் சத்தம் நின்றுவிட்டது.

ஆயிலை வடித்துப் பார்க்கும்போது அது காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. லைனரின் அடியில் இருக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிப் போயிருக்கும். லைனரை வெளியே இழுத்துத்தான் மாற்ற வேண்டும். இழுக்கும்போது தண்ணீர் சுற்றும் இடத்தைப் பாருங்கள், அடுப்பில் போட்ட பழைய வெந்நீர் அண்டா மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். நம்ம ஊர் போர் தண்ணீர் அப்படி. உப்பு. வருஷக்கணக்கில் அதையே தொட்டியில் ஊற்றி, அது ஆவியாகி, மறுபடி ஊற்றி, உப்பு மட்டும் உள்ளே தங்கிவிடும். சூடு வெளியே போகாது, லைனர் சீக்கிரம் தேயும். சுரண்டி எடுத்துவிட்டு, இனிமேல் மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். சிறுவாணித் தண்ணீர் இன்னும் விசேஷம்தான், வீட்டில் விட மாட்டார்கள்.

டீசல் பம்ப்பில் ஒரு வேடிக்கை உண்டு. காலையில் குளிர்ந்திருக்கும்போது இரண்டு சுற்றில் ஸ்டார்ட் ஆகும். மத்தியானம் நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் எவ்வளவு சுற்றினாலும் ஆகாது. பேய் இல்லை. பம்ப்பின் உள் தண்டு தேய்ந்திருக்கிறது. டீசல் சூடாகி நீர்த்ததும் அந்த இடைவெளியில் கசிந்துவிடும், இன்ஜெக்டருக்குப் போதிய அழுத்தம் போகாது. காலிபரேஷன் கடையில் கொடுத்து உள் தண்டையும் கூட்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பலன் இல்லை. இன்ஜெக்டர் நல்ல நிலையில் இருந்தால் ஹேண்டில் சுற்றும்போதே 'கிர்க்' என்று ஒரு சத்தம் கேட்கும், பெரியவர் அதைக் கேட்டுத்தான் "டீசல் வருதுங்க" என்பார். கேட்கவில்லை என்றால் குழாயில் காற்று இருக்கிறது. பம்ப்புக்கு வரும் நட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை விட்டு, முறுக்கிவிட்டு, பிறகு இன்ஜெக்டர் பக்கத்து நட்டுக்கும் அப்படியே செய்ய வேண்டும்.

ஏர் கிளீனரை யாரும் மதிப்பதில்லை. அடியில் ஒரு கிண்ணத்தில் ஆயில் இருக்கும், உள்ளே போகும் காற்று அதில் மோதித் தூசியை விட்டுவிட்டுப் போகும். சேற்று வயலில் தூசி ஏது? வாரக்கணக்கில் விட்டாலும் ஓடும். நாம் சித்திரையில் செம்மண் காட்டில் ஓட்டுகிறோம். தினமும் கிண்ணத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் கூழாக இருந்தால் மாற்ற வேண்டும். என் கணிப்பில் இந்தப் பக்கத்து லைனர்களைத் தின்றது பாரம் இல்லை, இந்தக் கிண்ணம்தான்.

இந்த வேலையெல்லாம் எங்கே செய்வது என்ற கேள்விக்குக் கோவைக்காரன் பதில் சொல்லத் தேவையில்லை. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு சுற்றினால் போதும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே விவசாயம் கிணற்றை நம்பியது. ஆழக் கிணறு, முதலில் கவலை ஏற்றம், பிறகு ஆயில் எஞ்சின். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மோட்டார். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின் மோட்டார் செய்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பஞ்சாலையும் பம்ப்செட்டும் சேர்ந்து வார்ப்படப் பட்டறை, லேத்துப் பட்டறை என்று ஒரு ஊரையே வளர்த்தன. அதனால் ஸ்பேர் கிடைக்காத ஒரு புஷ், ஒரு சாவி, ஒரு கப்பி என்று போய் நின்றால், "மாதிரி கொண்டாந்திருக்கீங்களா?" என்றுதான் கேட்பார்கள். பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் உங்கள் வரைபடம். கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்ட் பண்ணுவது, லைனர் போடுவது, பம்ப் காலிபரேஷன் மூன்றும் எனக்கு ஒரே வாரத்தில் முடிந்தது. புது வண்டி சுமார் இரண்டு லட்சம். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள் என் கணக்கு அடங்கிவிட்டது. மானியத்தில் புதுசு கிடைக்குமே என்பார்கள், கிடைத்தால் வாங்குங்கள், தப்பில்லை.

பெயின்ட் மட்டும் கடைசியில். வாங்கி வந்த அன்றைக்கே பளபளவென்று அடித்துவிட்டால் எந்த இடத்தில் ஆயில் கசிகிறது என்பது தெரியாது. ஒரு மாதம் அழுக்காக ஓட்டி, கசிவையெல்லாம் நிறுத்திவிட்டு அடிக்கலாம்.

இனி நான் சொன்ன இரண்டாவது பாதி.

பழைய வண்டிகளில் இரண்டு தகடுகள் பெரும்பாலும் இருக்காது. ஒன்று, எஞ்சினில் இருந்து கிளட்சுக்குப் போகும் மூன்று வி-பெல்ட்டின் மேல் இருந்த மூடி. இன்னொன்று, பின்னால் கத்திகளுக்கு மேல் இருந்த மூடி. பெல்ட் மாற்றும்போது கழட்டியிருப்பார்கள், கத்தியில் கொடி சுற்றிக்கொண்டபோது கழட்டியிருப்பார்கள், திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். மூடி எங்கே என்று கேட்டால் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருக்கும். எங்கள் சொந்தத்தில் ஒருவர் இடது காலில் மூன்று விரல் இல்லாமல் நடக்கிறார், கத்தி மூடி இல்லாத வண்டி. தகட்டை வெட்டி மடக்கி, மூன்று போல்ட் வைத்து முறுக்கப் பட்டறையில் ஒரு மணி நேரம் ஆகும். எஞ்சினுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, ஃப்ளைவீலில் பெல்ட் போட்டுத் தட்டு வெட்டும் மிஷினையோ வாய்க்கால் பம்ப்பையோ ஓட்டுகிறவர்கள் அந்த நீளப் பெல்ட்டுக்கும் தடுப்பு வைக்க வேண்டும். முந்தானையும் துண்டும் வேஷ்டியும் பெல்ட்டுக்கு ஒன்றுதான்.

ரிவர்ஸ் இன்னொரு சங்கதி. ரிவர்ஸில் போகும்போது கைப்பிடி மேலே எழும்பி ஆளைப் பின்னால் தள்ளும். பின்னால் தென்னை மரம் இருந்தால் நீங்கள் மரத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவில். அப்போது கத்தியும் சுற்றிக்கொண்டிருந்தால் அது உங்கள் கால் மேலே வரும். இதைத் தடுக்கத்தான் பல மாடல்களில் கத்தி ஓடும்போது ரிவர்ஸ் விழாதபடி உள்ளே ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். பழைய வண்டியில் அது தேய்ந்திருக்கலாம், யாராவது எடுத்தும் இருக்கலாம். கியர்பெட்டி திறந்திருக்கும்போதே சோதித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விடப் புரிந்துகொள்ள வேண்டியது இறக்கம். சமதரையில் இடது லீவரை அமுக்கினால் இடது பக்கம் திரும்பும் என்றேன். டிரெய்லரில் எரு ஏற்றிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். இப்போது எஞ்சின் சக்கரத்தை ஓட்டவில்லை. பாரம்தான் தள்ளுகிறது, எஞ்சின் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் இடது லீவரை அமுக்கினால் இடது சக்கரத்துக்கு இருந்த பிடி விட்டுப்போகும், அது வேகமாக உருளும். வலது சக்கரம் மெதுவாகவே இருக்கும். வண்டி வலது பக்கம் திரும்பும். அதாவது நேர் எதிர்ப் பக்கம். ஓட்டுகிறவர் பதறி இன்னும் அழுத்துவார், இன்னும் எதிரே போகும். பத்து வருஷம் சமதரையில் ஓட்டியவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் அவர் காடு சமமாக இருந்திருக்கும். இறக்கத்தில் சின்ன கியரில், லீவர்களைத் தொடாமல், கைப்பிடியை உடம்பால் தள்ளித் திருப்ப வேண்டும். நியூட்ரலில் விடவே கூடாது. வீட்டில் வேறு யாராவது ஓட்டப்போகிறார்கள் என்றால், காலி டிரெய்லரோடு சின்ன இறக்கத்தில் நீங்கள் கூட நின்று ஒரு தடவை செய்ய விடுங்கள். வாயில் சொன்னால் மனசில் நிற்காது, கைக்குத் தெரிய வேண்டும்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வையுங்கள். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் எதிர்த்து உதைக்கும் அன்றைக்கு விரல் போய்விடும். பெரியவர் இதை மட்டும் எனக்கு மூன்று தடவை சொன்னார்.

வீட்டில் இதை வைத்து என்ன செய்யலாம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கத்தியின் அகலம் 60 சென்டிமீட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். வகுத்தால் 6,745 மீட்டர். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி ஓட்டத்தான் வேண்டும், திரும்பவும் வேண்டும், ஆக எட்டு கிலோமீட்டர் என்று வைக்கலாம். ஒரு ஏக்கர் ஓட்டக் கொத்திய மண்ணில் எட்டு கிலோமீட்டர் நடை, மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்றால் நாலு மணி நேரம். ஒரு சாண் சால் போட்ட மாட்டுக் கலப்பைக் காலத்தில் அது சுமார் இருபது கிலோமீட்டர் போகும், அப்பாரு காலெல்லாம் ஏன் அப்படி இருந்தது என்று இப்போது புரிகிறது. ஒற்றை சிலிண்டரின் அதிர்வு முழுசும் கைப்பிடிக்கு வரும். இரண்டு மணி நேரத்தில் விரல் மரத்துப் போகும். இந்த அதிர்வையும் அதைக் குறைப்பதையும் பற்றிக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆகவே ஐந்து ஏக்கர் காடு இருக்கிறவர் டிராக்டரைக் கூப்பிட்டுக்கொள்வது நல்லது. ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர், அதிலும் மரமும் வாழையும் நடுவில் நிற்கிறது என்றால் டில்லர்தான் சரி. தென்னைக்கு 25 அடி இடைவெளி, வாழைக்கு 6 அடி. ஆறு அடியில் டிராக்டர் நுழையாது.

தென்னந்தோப்பில் ஓட்டுகிறவர்கள் மரத்தை ஒட்டிப் போகாதீர்கள். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி என்பார்கள், உரம் தின்னும் வேர் அதற்குள்தான் அதிகம். அங்கே மம்மட்டியோடு நிறுத்திக்கொண்டு, நடு இடைவெளியில் மட்டும் டில்லரை விடலாம். நான் அங்கே சணப்பை விதைத்து, பூ எடுக்கும் சமயம், நாற்பது நாற்பத்தைந்து நாளில், அப்படியே மடக்கி ஓட்டினேன். இந்த வண்டி வீட்டுக்குச் செய்த உருப்படியான வேலை என்று அதைத்தான் சொல்வேன்.

கத்தியைப் பொறுத்தவரை, இடது வலது என்று இரண்டு சாதி உண்டு. மாறி மாறி மாட்டினால் மண் சமமாக விழும். எல்லாம் உள்பக்கம் பார்த்து மாட்டினால் நடுவில் வரப்பு மாதிரி குவியும், வெளிப்பக்கம் பார்த்தால் நடுவில் பள்ளம் விழும். பாத்தி கட்ட இது உதவும். கூர்முனை மண்ணில் முதலில் படுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு முறுக்குங்கள். சக்கர டயரின் பட்டைக்கும் திசை உண்டு, திருப்பி மாட்டினால் பிடிமானம் பாதிதான்.

எப்போது ஓட்டுவது என்பதற்கு வண்டியைவிட மண்ணைக் கேட்க வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்தில் இருந்து போடுங்கள். உருண்டையாகவே கிடந்தால் ஈரம் அதிகம், கத்தியில் அப்பும். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் காய்ந்துவிட்டது, வண்டி துள்ளும், கத்தி உடையும், கியர்பெட்டிக்கு அடி. விழுந்ததும் உதிர்ந்தால் பதம். மழை பெய்து செம்மண்ணில் இரண்டாம் நாள், கரிசலில் இன்னும் சில நாள் கழித்து.

வேலை முடிந்து நிறுத்தும்போது மூன்று காரியம். பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். மூன்றில் ஒன்று போனால் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதால் அதைக் காப்பாற்றுவது லாபம். டீசல் டேங்கை நிரப்பி வையுங்கள், பாதியாக விட்டால் மார்கழிப் பனியில் உள்ளே தண்ணீர் கட்டும். கடைசியாக, டீகம்ப்ரஷன் லீவரை இறக்கி, ஹேண்டிலைச் சுற்றிக் கம்ப்ரஷன் இறுகும் இடத்தில் விடுங்கள். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஐப்பசி ஈரம் சிலிண்டருக்குள் போகாது. சைலன்சர் வாய்க்கு ஒரு கொட்டாங்குச்சி கவிழ்த்துவிட்டால் போதும்.